நாளை மறுநாள் ஓடும் லிப்ட்

எங்களையெல்லாம் கட்டி மேய்க்கும் மாண்புமிகு தலைவர் அவர்களே! முன்வரிசையை முந்திப் பிடித்த மூத்தோரே! மூச்சிரைக்க மாடிப்படி இறங்கி வந்திருக்கும் தாய்மார்களே!

நம் குடியிருப்பின் ஆண்டுவிழாவில் இலக்கியம் பேசச் சொன்னார்கள். ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியாரிடம் மைக்கைக் கொடுத்தால் என்ன ஆகுமோ, அது ஆகப்போகிறது!

ஆங்கிலத்தில் ஓர் அபூர்வ வினைச்சொல்: பெரெண்டினேட். ஆங்கிலேயரே அறியாத ஆங்கிலம்! லத்தீனில் 'கிராஸ்' என்றால் நாளை. வேலையை நாளைக்குத் தள்ளினால் புரொகிராஸ்டினேட். அது சாதாரணச் சோம்பேறியின் சொல். 'பெரெண்டியே' என்றால் நாளை மறுநாள். அதற்குத் தள்ளினால் பெரெண்டினேட். சோம்பலில் முனைவர் பட்டம்! ரோமாபுரியில் எத்தனை சோம்பேறிகள் இருந்திருந்தால் இதற்கொரு தனிச்சொல் தேவைப்பட்டிருக்கும்?

கைதட்டலா? பொறுங்கள், கதை இருக்கிறது.

ஏழு மாதத்துக்கு முன் நம் லிப்ட் நின்றது. செயலாளர் கதவில் அட்டை மாட்டினார்: "நாளை மறுநாள் ஓடும்." தேதி போட்டாரா? இல்லை! என்றைக்குப் படித்தாலும் நாளை மறுநாள். அட்டையும் அசையவில்லை, லிப்டும் அசையவில்லை!

யார் அந்தச் செயலாளர்? விரலை நீட்டாதீர்கள் ஐயா, நான்தான். லிப்ட் கம்பெனிக்குப் பிழையற்ற ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தொடங்கினேன். திருத்தினேன், திருத்தினேன், திருத்திக்கொண்டே இருக்கிறேன். நான்காம் மாடியில், முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்த என் மனைவி ஏழு மாதமாகத் தெருவைப் பார்க்கவில்லை. ஊருக்குத்தான் உபதேசம்!

இன்று காலை இந்த உரையை அவளிடம் வாசித்துக் காட்டினேன்.

"ஏங்க, உங்க லத்தீன் என்னைக் கீழே இறக்குமா?"

"கடிதத்துல ஒரே ஒரு கமாதான் பாக்கி..."

"கமாவை நீங்களே வெச்சுக்குங்க. போனை இப்படிக் குடுங்க."

அவளே பேசினாள். நீங்களெல்லாம் படியிறங்கி வந்த பிறகுதான் மெக்கானிக் வந்தார். "பத்து நிமிஷ வேலை சார், யாராவது சொல்லியிருக்கலாமே?" என்றார். கடிதத்தைச் சுருட்டிச் சட்டைப்பையில் ஒளித்துக்கொண்டேன்.

என்ன சத்தம்? எல்லோரும் ஏன் திரும்புகிறீர்கள்? லிப்ட் கதவா?

வந்துவிட்டாள்! தாய்மார்களே, வழிவிடுங்கள், ஊன்றுகோல் வருகிறது. கையில் என்ன? ஐயோ, என் அட்டை! எனக்கு வெட்கமாக இருக்கிறது, அதைவிடச் சந்தோஷமாக இருக்கிறது.

"பேசினது போதும், இறங்கி வாங்க. தெருமுனை வரைக்கும் நடக்கணும்."

லத்தீன் இலக்கணத்தை மட்டும் நாளை மறுநாள்... முறைக்காதே அம்மா, இதோ இறங்கிவிட்டேன்! கேட்ட காதுகளுக்கு நன்றி, என்னைத் திருத்திய கைக்குப் பெரிய வணக்கம்!