வேலியோரத்து வெளிச்சம்

– இங்கன வந்து பாரு பெனிஷா. ஒரு மொட்டாச்சும் தெரியுதா?

– செடி நல்லாத்தானே இருக்கு அத்தை. எலையைப் பாருங்க, என்னா பச்சை!

– எலையையா மாலை கட்டுவாக?

– கொஞ்சம் பிந்துது... அவ்வளவுதான்.

– ஓடைக்கு அங்கிட்டு ராஜாத்தியும் நம்மகூடத்தான் செவ்வந்தி நட்டா. அவ பூ உத்தமபாளையத்துக்கு மூடை மூடையாப் போகுது. நம்மது வளருது... வளருது... வளந்துக்கிட்டே இருக்கு. ‘வியாகுலமேரி கீரை போட்டிருக்கா’ன்னு ஊருக்குள்ள சிரிக்கிறாக.

– அவுக ஏதாச்சும் மருந்து அடிச்சிருப்பாக.

– அடிக்கலையாம். கேட்டுட்டேன்.

– கேட்டுட்டீகளா?

– பெறகு? திராட்சைக் கொடியை வெட்டிட்டுச் செவ்வந்தி போடுவோம்னு நீதானே ஒத்தக்கால்ல நின்ன. கல்லறைத் திருநாளைக்கு உங்க மாமாவுக்கு நம்ம பூவைப் போடலாம்னு நானும் சரின்னேன். இப்பக் கடையில வாங்கிப் போட்டா மனுசன் எந்திரிச்சு வந்து வைவாக.

– மாமா வைய மாட்டாக. உங்ககிட்ட வசவு வாங்கித்தான் அவுகளுக்குப் பழக்கம்.

– வாயைப் பாரு... நேத்து வின்சென்ட் போன் பண்ணான்.

– ம்.

– மறுபடியும் பூ முடிஞ்சிருச்சாம்மான்னு கேக்குறான். இன்னும் பூக்கவே இல்லடான்னேன். திருப்பூர்ல வீடு பாத்துட்டானாம். பூ முடிஞ்சதும் வந்து உன்னையக் கூட்டிட்டுப் போறானாம்.

– என்கிட்டயும் சொன்னாக.

– நீ என்ன சொன்ன?

– பூ முடியட்டும்னேன்.

– ம்ம்... பூ வியாபாரி கர்ணன் காலையில வந்தாரு. செடியைக் குனிஞ்சுகூடப் பாக்கல. அண்ணாந்து பாத்தாரு.

– எதை?

– பல்பை. வேலியோரம் வரிசையாக் கட்டியிருக்கமே, அதைத்தான். ராத்திரி பூரா எரியுதான்னாரு. காட்டுப்பன்னிக்குப் பயந்து மருமக போட்டு விடுதுன்னேன். தலையில அடிச்சுக்கிட்டாரு.

– ஏனாம்?

– செவ்வந்திக்கு நீளமா இருட்டு வேணுமாம். வெளிச்சம் பட்டுக்கிட்டே இருந்தா, இன்னும் காலம் வரலைன்னு நெனச்சுக்கிட்டு மொட்டு விடாதாம்.

– அப்படியா...

– அப்படியாவா? உங்க அப்பா தோட்டத்துல என்னடி வெள்ளாமை?

– அத்தை...

– சொல்லு.

– செவ்வந்திதான்.

– அங்கன பல்பு எரியுமா?

– எரியாது... வாசல் லைட்டையே அப்பா அணைச்சிருவாக.

– அப்பத் தெரிஞ்சேதான் போட்டிருக்க.

– தெரிஞ்சேதான் அத்தை.

– ஏத்தா, அவன் ஏதும் கை நீட்டுறானா? மறைக்காமச் சொல்லு.

– ஐயோ, அதெல்லாம் இல்ல அத்தை. அவுக நல்லவுக.

– பெறகென்ன?

– போன தடவை திருப்பூர்ல போயி இருந்தேன்ல... அவுக வேலைக்குப் போயிருவாக. சன்னலைத் தொறந்தா அடுத்த வீட்டுச் செவரு. பொழுது சாய அவுக கதவைத் தட்டுற வரைக்கும் நான்னு ஒருத்தி இருக்கேனான்னே சந்தேகமா இருக்கும். இங்கன நானே நட்டேன், நானே கொழுந்து கிள்ளி விட்டேன். ஒண்ணைக் கிள்ளுனா நாலாக் கெளைக்குது... அதைப் பாத்துக்கிட்டே நாள் போயிருது. பூத்துருச்சுன்னா கெளம்பணும். அதான்...

– வாயைத் தொறந்து சொல்றதுக்கு என்ன?

– யாருகிட்ட? புருசன் வீட்டுக்குப் போக மனசில்லைன்னு மாமியாகிட்டயா?

– அதுவும் சரிதான்.

– கோவமா இருக்கீகளா?

– கோவப்படத்தான் பாக்குறேன்... வர மாட்டேங்குது.

– இன்னைக்கிலேர்ந்து லைட்டைப் போடல. கல்லறைத் திருநாளைக்கு ஆகாது. கிறிஸ்மசுக்குப் பூத்துரும். அவுக கூப்பிட்டா... அப்பப் பாத்துக்கிருவோம்.

– பாத்துக்கிருவோம்.

– ஒண்ணுதான் எனக்கு வெளங்கல அத்தை. போன மாசம் அம்மாவுக்கு முடியலைன்னு ஊருல போயி இருந்தேனே. அப்பப் பல்பு எரிஞ்சிருக்காதுல்ல? அத்தனை நாள் இருட்டுக்கு மொட்டு கட்டியிருக்கணுமே. ஏன் கட்டல?

– கர்ணன் வந்தது இன்னைக்கு இல்லடி. நீ ஊருக்குப் போன மறுநாளே வந்து சொல்லிட்டாரு... அன்னைக்குப் பொழுது சாயவும் சுவிட்சைப் போட்டது நான்தான்.