லயத்துக்கு ஏறும் கார்

ஸாஹிர்: தங்கச்சி, ரிப்பனப் புடிச்சு இழுக்காதீங்க. டேப்போட சேர்ந்து எங்கட வாடகைக் காருட பெயிண்டும் உரிஞ்சிரும்.

ஜீவராணி: உரியட்டும் ஸாஹிர் நானா, நீங்களும் எனக்கு ஒரு அண்ணந்தான், கேளுங்க. நாளைக்கு இதுல ஏறப் போறவ நானு. இந்தக் கார் வேணாம்.

சுகுமார்: ஜீவா, கைய எடு. பதுளை பஜாரே நின்னு வேடிக்க பாக்குது.

ஜீவராணி: பாக்கட்டும். தங்கச்சி கல்யாணத்துக்கு மொத நாளு அண்ணங்காரன் பண்ணுற வேலையையும் பாத்துட்டுப் போகட்டும்.

சுகுமார்: என்ன பண்ணிட்டேன்? ஊர்ல எவளும் ஏறாத காரு எடுத்திருக்கேன். ஜாகுவார். அதுக்குப் பூக் கட்டினா கோவமா?

ஜீவராணி: மூணு காரையும் படம் எடுத்து அனுப்பி, எது புடிச்சிருக்குன்னு கேட்டது யாரு?

சுகுமார்: நான்தான்.

ஜீவராணி: நான் என்ன சொன்னேன்?

சுகுமார்: நானா, அந்த டேப்ப எடுங்க.

ஜீவராணி: பேச்ச மாத்தாத. என்ன சொன்னேன்?

சுகுமார்: பென்ஸுன்னே.

ஜீவராணி: நீ என்ன சொன்னே? சரிம்மா, எனக்கும் அதுதான்னு சொன்னே. இப்ப வந்து பாத்தா பென்ஸு மூலையில தூசி புடிச்சு நிக்குது, ரிப்பன் இதுல தொங்குது.

ஸாஹிர்: ரெண்டுமே ராஜ வாகனந்தான் தங்கச்சி. பென்ஸுன்னா உள்ளுக்கு சொகம், பின் சீட்டுல கால நீட்டி ஒறங்கலாம். ஜாகுவாருன்னா வெளிய அழகு. அந்த மூக்கப் பாருங்க, பாயப் போற மாதிரி ஈக்குது. எங்கட தங்கச்சி றம்ஸியா கலியாணத்துக்கு நான் இதத்தான் எடுத்தேன்.

ஜீவராணி: அப்ப பென்ஸு என்னாச்சு?

ஸாஹிர்: அது... வேற பார்ட்டிக்குப் போகுது.

ஜீவராணி: யாருக்கு?

ஸாஹிர்: ஹாலிஎலயில ஒரு கலியாணம்.

ஜீவராணி: யாரு வீட்டுக் கல்யாணம்?

ஸாஹிர்: அது வந்து... நம்ம... ஒரு ஆளு...

ஜீவராணி: நானா, வெள்ளிக்கெழம பள்ளிவாசலுக்குப் போய்ட்டு வந்து இப்புடிப் பொய் சொல்றீங்களே. ஒங்க மொகத்துக்கு அது ஒட்டவே மாட்டேங்குது.

சுகுமார்: அவரை ஏன் நோண்டுறே? புக் பண்ணினது நானு. எனக்கு ஜாகுவார் புடிச்சிருக்கு, எடுத்தேன். அவ்வளவுதான்.

ஜீவராணி: ஒனக்கா? ஜாகுவாரா? நெஞ்சுல கைவச்சுச் சொல்லு அண்ணே. தோட்டத்துத் தொரை பங்களாவுக்கு பென்ஸு வந்தா, கேட்டுக்கு வெளியில நின்னு அது திரும்புற வரைக்கும் சோறு திங்காமக் கெடந்தவன் நீ. பண்டாரவளையில ஃபோன் கடை போட்டதும் மொதல்ல என்ன ஒட்டினே? சாமி படமா? பென்ஸு படம். அப்புறந்தான் முருகனுக்கே எடம் கெடச்சிச்சு. நாளைக்கு ஒரு நாளைக்கு அதுல முன் சீட்டுல ஒக்காந்து போற யோகம் வந்திருக்கு, அத வுட்டுட்டு ஏன் இது?

சுகுமார்: ஆசை மாறிருச்சு.

ஜீவராணி: ஆசை மாறல. ரோடு மாறியிருக்கு.

சுகுமார்: என்ன ஒளர்றே?

ஜீவராணி: நானா, ஒங்கட புள்ளைங்க மேல ஆணையா ஒண்ணு சொல்லுங்க. இந்த ஜாகுவார் நம்ம வீடு இருக்கிற பூனாகலைத் தோட்டத்து மேல் டிவிசன் லயத்துக்கு ஏறுமா?

சுகுமார்: அதெல்லாம் இப்ப எதுக்கு...

ஜீவராணி: நான் அவருகிட்ட கேட்டேன்.

ஸாஹிர்: ஏறாது தங்கச்சி. நீட்டு வாகனம், தாழ்வு. ஃபேக்டரி தாண்டி அந்தப் பாலத்துல ஏறும்போதே அடி தட்டி நின்னுரும்.

ஜீவராணி: பென்ஸு?

ஸாஹிர்: அத வுடுங்க தங்கச்சி.

ஜீவராணி: ஆணை வச்சிருக்கேன்.

ஸாஹிர்: பென்ஸுக்கு ஒரு பட்டன் ஈக்குது. அமத்தினா வாகனம் தன்பாட்டுல ஒசரும். மெல்ல உருட்டினா லயத்து வாசலுக்கே போகலாம். போன வருஷம் மடுல்சீமை மலைக்கே போய் ஒரு கீறல் இல்லாம வந்திச்சு.

ஜீவராணி: கேட்டியா அண்ணே? கேட்டியா? ஏறுற கார வுட்டுட்டு ஏறாத கார எடுத்திருக்கே. வேணும்னே எடுத்திருக்கே.

சுகுமார்: கத்தாத.

ஜீவராணி: கத்தாம என்ன செய்ய? நேத்து ஜிப்னா ஃபோன் எடுத்தா. எங்கூடப் படிப்பிக்கிறவ, பண்டாரவளையில இருக்கா. சிரிச்சுக்கிட்டே கேக்குறா, ஏன் ஜீவா, நீ எங்க தெருவுக்குக் குடி வந்ததையே சொல்லலியேன்னு. அவ வீட்டுக்குப் பக்கத்துல ஒரு மாடி வீடாம். வாசல்ல வாழ மரம் கட்டுறாங்களாம். மேல என் பேரும் மாப்பிள்ள ஆரூரன் பேரும் போட்டு போர்டு தொங்குதாம். நான் அந்த வீட்ட ஆயுசுல பாத்ததில்ல. அதுதான் எம் பொறந்த வீடாம்.

சுகுமார்: ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்தேன். அதுல என்ன குத்தம்?

ஜீவராணி: அப்ப ஒத்துக்கிறே.

சுகுமார்: ஒத்துக்கிறேன். மாப்பிள்ளையோட அக்கா, பொண்ணுக்கு எடுத்த காருல வந்து, ஒன் கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போகணும். மாப்பிள்ளையோட அப்பா கனகசுந்தரம் ஐயாவும் அதுலதான் வாராரு. யாழ்ப்பாணத்துலயிருந்து சொந்தக்காரங்க, கனடாவுலயிருந்து சொந்தக்காரங்க, வீடியோ, ட்ரோன் கேமரா. அவங்கள எங்க கூட்டிக்கிட்டுப் போகச் சொல்றே? தகரம் பறக்காமக் கல்லு தூக்கி வச்சிருக்கிற லயத்துக்கா? மொத்த லயத்துக்கும் ஒரு கக்கூஸு, அதுக்கும் கதவு இல்ல. அந்த வயசான மனுசன் ஒண்ணுக்குப் போகணும்னு கேட்டா எதக் காட்டுவே?

ஜீவராணி: உள்ளதக் காட்டுவேன்.

சுகுமார்: பேசுறது லேசு.

ஜீவராணி: லேசு இல்ல அண்ணே. நம்ம சனத்துல பொண்ணு அவ வாசல்லயிருந்துதான் ஏறணும். இத்தன வருசமா அந்த லயத்துல எத்தன பொண்ணுங்க ஏறிப் போறதப் பாத்திருக்கேன். அடுத்த காம்பரா வீடு, பின் காம்பரா வீடு, எல்லாச் சனமும் வெளியில வந்து நிக்கும். தப்பு அடிப்பாங்க. ஜீவா கல்யாணத்துக்குத் தப்புத் தோலக் காய்ச்சி வச்சிருக்கோம்னு போன கெழமையே சொல்லி அனுப்பிட்டாங்க. அவங்ககிட்ட என்ன சொல்லுவே? எந் தங்கச்சி இப்ப மாடி வீட்டுக்காரி, நீங்க பஸ் புடிச்சு மண்டபத்துக்கு வாங்கன்னா?

சுகுமார்: அவங்களுக்கு ரெண்டு வேன் போட்டிருக்கேன்.

ஜீவராணி: வேன். எல்லாத்துக்கும் ஒரு வேன். அம்மாவுக்கு?

சுகுமார்: அம்மா விடியவே மாடி வீட்டுக்கு வந்துரும்.

ஜீவராணி: மாடி வீட்டுக்கு வந்து? அங்க எந்த அடுப்பு எங்க இருக்குன்னு கூட அதுக்குத் தெரியாது. வெருண்டு போயி ஒரு நாற்காலியில குந்திக்கிட்டு இருக்கும். நெத்தியில தேயிலக் கொழுந்துக் கூடைக் கயிறு போட்ட தழும்பு இருக்கே, அதுக்கும் பவுடர் போட ஆள் வச்சிருக்கியா?

சுகுமார்: ஜீவா.

ஜீவராணி: என்ன ஜீவா? ஒனக்கு வெக்கம். ஃபோன் கடை மொதலாளியாயிட்டே. கண்ணாடிக் கதவு, ஏசி. லயத்துல பொறந்தவன்னு தெரிஞ்சா யாரு வருவான்னு பயம். ஒன் வெக்கத்துக்கு எங் கல்யாணத்த ஏன் மூடாக்குப் போடுறே?

சுகுமார்: ஆமா. வெக்கந்தான். போதுமா? எனக்குத்தான் வெக்கம். திட்டு, நல்லாத் திட்டு. ஆனா நாளைக்குக் கார் இதுதான்.

ஸாஹிர்: தம்பி, கொஞ்சம் தண்ணி குடிங்க...

சுகுமார்: தண்ணியும் வேணாம் ஒண்ணும் வேணாம். நீங்க அந்த ரிப்பனத் திருப்பிக் கட்டுங்க.

ஜீவராணி: கட்டாதீங்க நானா. அண்ணே, ஒனக்குத் தெரியாத ஒண்ணு சொல்லட்டுமா? கனகசுந்தரம் ஐயாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

சுகுமார்: என்னது?

ஜீவராணி: ஞாயித்துக்கெழம அவங்க வீட்டுக்கே போனேன். மாடி வீடும் இல்ல ஒண்ணும் இல்ல, மேல் டிவிசன்ல லயம், அம்மா இன்னமும் கொழுந்து எடுக்குதுன்னு சொன்னேன். அந்த மனுசன் கண்ணாடியக் கழட்டி மடியில வச்சாரு. பிள்ளை, எனக்கு இது தெரியாதெண்டே நினைச்சனீர்னு கேட்டாரு. அவரு சொல்றாரு, கொஸ்லந்தையில நான் போஸ்ட் மாஸ்டரா இருந்தனான், எந்த லயத்துக்கு எந்தக் கடிதம் வாறதெண்டு பாத்தே கிழவனாப் போனவன். உங்கட வீட்டு வாசலுக்கே வந்து உம்மைக் கூட்டிக்கொண்டு போறம், முழங்கால்தான் ஏலாது, மேடு நடக்க முடியாது, கார் மட்டும் வாசலுக்கு வந்தாப் போதும்னு சொன்னாரு.

சுகுமார்: ஏன்டி சொன்னே? யாரக் கேட்டுச் சொன்னே?

ஜீவராணி: யாரக் கேக்கணும்? எம் மாமனாரு. நாளைக்கு நான் போய் வாழப் போற வீடு. பொய்ய மூட்ட கட்டி எடுத்துக்கிட்டுப் போகச் சொல்றியா?

சுகுமார்: அவரு முழங்கால் ஏலாதுன்னு சொன்னாருல்ல?

ஜீவராணி: ஆமா. அதுக்குத்தான் வாசல் வரைக்கும் ஏறுற கார் வேணுங்கிறேன்.

சுகுமார்: அப்ப நல்லதாப் போச்சு. ஜாகுவார்லதான் வருவாரு. பாலத்தோட நின்னுக்கும். திரும்பிப் பண்டாரவளைக்கே வரட்டும்.

ஜீவராணி: என்ன மனுசன் நீ? அவங்களுக்கே பரவால்லைன்னு சொல்லிட்டாங்க. மாப்பிள்ள வீட்டுக்கு இல்லாத வெக்கம் பொண்ணு வீட்டுக்கு எதுக்கு? இதுக்கு மேல யாருகிட்ட மறைக்கப் போறே?

சுகுமார்: கேக்காத.

ஜீவராணி: கேப்பேன்.

சுகுமார்: ஜீவா, ஒன்னையக் கும்புட்டுக் கேக்குறேன். இந்த ஒரு விசயத்த என் கையில வுட்ரு. காலத்துக்கும் ஏசிக்கோ. நாளைக்கு மட்டும் பேசாம இதுல ஏறிரு.

ஜீவராணி: ஏற மாட்டேன். பட்டுச் சீலையோட விடிய பஸ்ஸுல ஏறி மண்டபத்துக்கு வாரேன். ட்ரோன் கேமராக்காரன் அதையும் படம் புடிக்கட்டும். ஒன் ஜாகுவார்ல நீயே மால போட்டுக்கிட்டு வா.

சுகுமார்: அடியே...

ஜீவராணி: அடியே கிடியேன்னா பல்லு போகும். அப்பா செத்தப்ப லயத்துச் சனந்தான் தோள் குடுத்துச்சு. அந்த வாசல்லதான் பொணமும் கெடந்துச்சு. அன்னைக்கி ஒனக்கு வெக்கம் இல்ல. இன்னைக்கி வந்திருச்சு. பெத்தவள மறைக்கிறவன் எனக்கு அண்ணன் இல்ல. மணவறையில மாப்பிள்ளத் தோழனா நிக்க வேணாம். நான் வேற ஆளப் பாத்துக்கிறேன்.

ஸாஹிர்: தங்கச்சி, அப்படிச் செல்லாதீங்க.

ஜீவராணி: ஏன் சொல்லக் கூடாது? உண்மையத்தானே சொல்றேன்?

ஸாஹிர்: தம்பி... செல்லிரட்டுமா?

சுகுமார்: வேணாம் நானா. வாக்குக் குடுத்திருக்கோம்.

ஜீவராணி: யாருக்கு வாக்கு?

சுகுமார்: ஒண்ணுமில்ல. நீ கெளம்பு. பஸ்ஸுல வந்தாலும் சரி, நடந்து வந்தாலும் சரி. என்னையத் தோழனா நிக்க வுடாட்டியும் சரி. கார் மாறாது.

ஸாஹிர்: நீங்க கேக்குற ஏச்சப் பாத்துக்கிட்டு நிக்க எனக்கு ஏலாது தம்பி. எனக்கும் ஒரு தங்கச்சி ஈக்குறா.

சுகுமார்: நானா, கெஞ்சிக் கேக்குறேன்...

ஜீவராணி: சொல்லுங்க நானா. இந்தக் கார இவன் ஏன் எடுத்தான்?

ஸாஹிர்: இவர் எடுக்கல்ல தங்கச்சி. இவர் பென்ஸுக்குத்தான் சாவியே வாங்கினாரு. போன வியாழன் ஒங்கட அம்மாவையும் கூட்டிட்டு வந்தாரு, காட்டிச் சந்தோசப்படுத்த. எது புடிச்சிருக்கும்மான்னு நானும் கேட்டேன். அவங்க உள்ளுக்கு எட்டியும் பார்க்கல்ல, சீட்டத் தொடவும் இல்ல. சீலைய இழுத்துச் செருகிக்கிட்டு இந்த சிமெந்துத் தரையில முட்டி போட்டாங்க. ஒவ்வொரு வாகனத்துக்கு அடியிலயும் கைய வுட்டு அளந்தாங்க. பென்ஸுக்கு அடியில முழங்கை வரைக்கும் போச்சு. இதுக்கு அடியில மணிக்கட்டோட நின்னிருச்சு. எழும்பிக் கையத் தட்டிட்டு, மககிட்ட செல்ல வேணாம்னு வாக்கும் வாங்கிட்டு, ஏண்ட மொகத்தப் பாத்தாங்க. எம் மக கல்யாணத்துக்கு இதுதான் வேணும் மொதலாளி, இது எங்க லயத்துக்கு ஏறாதுதானேன்னு கேட்டாங்க.