கைப்பிடி ஒருத்தருக்குத்தான்

– முதல்ல நாய்க்குத் தண்ணியா? காலையிலேர்ந்து உன் புருஷன் நான் ஒருத்தன் காத்துக்கிட்டிருக்கேன், வியேரா.

– பரீட்சைக்குப் போனது என் நாய் புராதானே, டிஹோ. நீயா போன?

– சரி, லைசென்ஸ் குடுத்தாங்களா?

– நான் எப்படி இருக்கேன்னு ஒரு வார்த்தை இல்ல...

– அவளோட போயிட்டு வந்தா நீ சந்தோஷமாத்தான் இருப்ப. தெரிஞ்சதுதானே.

– ஒரு நாய் மேல இவ்வளவு பொறாமையா?

– எனக்கா? கண்ணு தெரியாத உன்னைக் கையைப் பிடிச்சு இந்த ஒசியெக் ஊர் முழுக்கக் கூட்டிட்டுப் போனவன் நான். எனக்கும் பார்வை போச்சு... என் இடத்துக்கு நாய் வந்துடுச்சு.

– உனக்கும் ஒரு வழிகாட்டி நாய் கேட்டிருக்கோம்ல. வரும்.

– வரும், வரும்... நீ நடந்ததைச் சொல்லு.

– புரா டிராம்ல ஒழுங்கா ஏறினா, இறங்கினா. ரோட்டோரம் நின்னா. பரீட்சை வைக்கிற அம்மா பின்னாடியே வந்தாங்க. சந்தை முனையில நான் நேராப் போகச் சொன்னேன்... இவ இடது பக்கம் திரும்பிட்டா.

– பூனை ஏதாவது...

– பூனை இல்ல. காப்பிக் கடை. ஒரு மேஜைகிட்ட போய்ப் படுத்துக்கிட்டா. நான் அந்தக் கடைக்குள்ள கால் வெச்சதே இல்ல. கடைக்காரி கேக்குறா, "டிஹோ வரலையா?"ன்னு.

– ஓ.

– பேரு நெவென்காவாம். குரல் நல்லாத்தான் இருக்கு. நீ அங்க போனா ஒரே சிரிப்பாமே? இந்த வீட்டுல அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லையே.

– நீ வேலையிலேர்ந்து வந்து தூங்குறப்ப சும்மா ஒரு நடை...

– என் நாயைக் கூட்டிக்கிட்டு அவளைப் பாக்கப் போயிருக்க.

– பாக்கவா? நானா?

– பேச்சை மாத்தாத.

– குச்சியோட போனா ஆளாளுக்குக் கையைப் பிடிச்சு இழுக்குறாங்க. இவளோட போனா நின்னு பேசுறாங்க, வியேரா. அந்த ஆசைதான்... பரீட்சை வெச்ச அம்மா என்ன சொன்னாங்க?

– நாய் வாரோட கைப்பிடியை ரெண்டு பேர் பிடிச்சா நாய் குழம்பிடுமாம். ஒருத்தர் பேருக்குத்தான் லைசென்ஸ். இன்னொரு கை பட்டா திருப்பி வாங்கிடுவாங்களாம்.

– நீ?

– இனிமே படாதுன்னேன். குடுத்துட்டாங்க.

– அப்ப நான் இங்கயே அடைஞ்சு கிடக்கணும்.

– உன் நெவென்காவை இங்க வரச் சொல்லு. நானே காப்பி போட்டுத் தரேன்.

– அவகிட்ட நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான்... தினமும் புராவோட அவ கடை வாசல் வழியாத்தானே நீ வேலைக்குப் போற? உன் நடை எப்படி இருக்குன்னு கேப்பேன்.

– என்னையா? எதுக்கு?

– தலை நிமிந்து போறியாம், சீமாட்டி மாதிரி. அதை அவ சொல்லச் சொல்லச் சிரிப்பேன். வீட்டுக்கு வந்தா வயிறெரியும்.

– ஏன் டிஹோ?

– என் கையைப் பிடிச்சுக்கிட்டு அதே வழியில போனப்ப குனிஞ்சே நடப்பியாம். இந்த நாய் உனக்குக் குடுத்ததை நான் குடுக்கலையே...

– உனக்குப் பார்வை போனதை நீ என்கிட்ட சொன்னது போன வருஷம். எனக்கு அதுக்கு ரொம்ப முன்னாடியே தெரியும். நீ கூட்டிட்டுப் போறதா நினைச்சுக்கிட்டிருந்த... நான் ஒவ்வொரு அடியும் காலால தடவித் தடவி உன்னையும் சேத்துக் கூட்டிட்டுப் போனேன். தலையை எங்க நிமித்துறது?