கடைசிப் பாட்டில் ஏறிய இரைச்சல்

இந்த அறையில் எதிரொலி கொஞ்சம் அதிகம். ஜன்னலுக்கு ஒரு கனத்த திரை போட்டால் பாதி சரியாகிவிடும். என் பேச்சைப் பதிவு செய்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன். அந்தக் கருவியையும் வெறும் மேசையில் வைக்காதீர்கள். நீங்கள் பேனாவைத் தட்டும்போதெல்லாம் அதில் இடி இடிக்கும். அடியில் கைக்குட்டையை மடித்து வையுங்கள். ஆம், இப்போது தேவலை.

நான் அந்த ராக் குழுவுக்கு ஒலிப்பதிவு செய்தவன். குழுவில் என்னைக் ‘காது’ என்றுதான் கூப்பிடுவார்கள். பாடியவனுக்குக் குருவி என்று பெயர். ஒல்லிப்பிச்சான், ஓரிடத்தில் உட்கார மாட்டான், ஆனால் வாயைத் திறந்தால் கட்டடம் ஆடும். டிரம்ஸ் வாசித்தது அவன் தங்கை. மற்ற இருவரும் வந்த வேலையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகும் நல்ல பிள்ளைகள். அவர்களை இதில் இழுக்க வேண்டாம்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எதையும் அழிக்க மாட்டேன். பாட்டு முடிந்த பிறகும் பதிவை ஓடவிடுவேன். வரி மறந்து குருவி திட்டியது, தங்கை அவன் மேல் குச்சியை வீசியது, வார்த்தை கிடைக்காமல் அவன் சும்மா முனகிய மெட்டுகள், எல்லாம் என் அலமாரியில் இருந்தன. வெளிவந்த பாட்டுகளைவிட அவற்றில்தான் அவன் முழுசாக இருந்தான். அதை அவனே புரிந்துகொள்ளவில்லை என்பதுதான் என் வருத்தம்.

ஒரு மத்தியானம் விசிலடித்துக்கொண்டே வந்தான்.

“காது, அலமாரில கெடக்கிற அரைகுறை எல்லாத்தையும் இன்னைக்கே அழிச்சிடு. நான் செத்ததும் எவனாவது அதைப் பொறுக்கி ஆல்பம் போட்டு என் மானத்தை வாங்குவான்.”

“அதுல நல்லதும் இருக்குடா.”

“பாட்டு என்னுது, தொண்டை என்னுது. உன்னுது வெறும் அலமாரிதானே?”

சுருக்கென்று தைத்தது. இல்லை என்றால் பொய். இருந்தாலும் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. “சரி, அழிச்சிடலாம். அந்த முடியாத பாட்டை மட்டும் ஒருவாட்டி முழுசா பாடிட்டுப் போ” என்றேன். பாடச் சொன்னால் மறுக்கத் தெரியாதவன் அவன். ஜாக்கெட்டைக் கழற்றி என்னிடம் எறிந்துவிட்டுக் கண்ணாடி அறைக்குள் போனான்.

ஜாக்கெட் உள்ளே போகக் கூடாது என்பது என் சட்டம். ஜிப் சத்தம் மைக்கில் விழும். சாவி, சில்லறை எதுவும் ஆகாது. அந்த அறைக் கதவின் உள்பக்கக் கைப்பிடியைக்கூட நானே எப்போதோ கழற்றிவிட்டேன். கட்டைக் குரலில் பாடினால் அது கடகடவென்று அதிரும். அதனால் உள்ளே போனவருக்கு நான்தான் வெளியிலிருந்து திறந்துவிட வேண்டும். யாரும் குறை சொன்னதில்லை. நான் எப்போதும் அங்கேயே இருப்பேனே.

அதற்கப்புறம் நடந்ததை நான் முன்பு சொன்னபோது நீங்கள் எல்லோரும் நம்பினீர்கள். பதிவை ஓடவிட்டு பேட்டரி வாங்கக் கடைக்குப் போனேன், திரும்பி வந்தால் அவன் தரையில் கிடந்தான். ஆஸ்துமா. இன்ஹேலர் வெளியே ஜாக்கெட் பையில் இருந்தது. சாவு வீட்டில் நான் அழுத அழுகையில் அவன் தங்கைதான் எனக்குத் தண்ணீர் கொடுத்துத் தேற்றினாள். அது நடிப்பில்லை.

அப்புறம் அலமாரியைத் திறந்தேன். தொகுப்புக்கு ‘மிச்சம்’ என்று பெயர் வைத்தோம். சும்மா சொல்லக் கூடாது, சக்கைப்போடு போட்டது. கடைசிப் பாட்டு அவனுடைய கடைசி நாள் பதிவு. அதில் குரல் தேய்ந்து வெறும் மூச்சாக முடிவதை எழுதாத பத்திரிகை இல்லை. தங்கை மட்டும் அந்த ஒரு பாட்டைக் கேட்க மாட்டேன் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். கேட்காமலே இருந்திருக்கலாம்.

போன வாரம் ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

“அண்ணா, அவன் மூச்சு குறையக் குறைய பின்னாடி இரைச்சல் ஏறிக்கிட்டே போகுது.”

“பழைய மைக்மா.”

“இரைச்சல் தானா ஏறாது. அவன் பாடுறப்பவே யாரோ சத்தத்தைக் கூட்டியிருக்கணும். நீ கடைக்குல்ல போயிருந்தே?”

சத்தத்தைத் தானாகக் கூட்டும் கருவி என்று சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால் அப்படிப்பட்ட கருவியை நான் தொட்டதே இல்லை என்பது ஊருக்கே தெரியும். எனக்கு அது கௌரவக் குறைச்சல். அவள் என்னைத் திட்டவில்லை. ஹெட்போனை மேசையில் வைத்துவிட்டு நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள். கெட்டிக்காரி.

ஆமாம், நான் கடைக்குப் போகவில்லை. என் நாற்காலியில்தான் இருந்தேன். இரண்டாவது சரணத்தில் அவனுக்கு இழுப்பு தொடங்கியது. அவனுக்குத் தெரிவதற்கு முன்பே எனக்குக் கேட்டுவிட்டது. கண்ணாடியைத் தட்டினான். ஜாக்கெட் என் மடியில் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. எழுந்திருந்தால் பாட்டும் போயிருக்கும், அலமாரியும் போயிருக்கும். அவன் தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, மீதி வரிகளை முணுமுணுத்தான். அவன் அப்படிப் பாடி நான் கேட்டதே இல்லை. குரல் இறங்கியது, என் கை தானாகக் குமிழைத் திருப்பியது. குரல் இறங்கினால் சத்தத்தைக் கூட்டுவது என் தொழில். ஒரு மூச்சைக்கூட நான் வீணாக்கவில்லை.

எதையாவது வெட்டினாயா என்று கேட்டீர்கள். ஒரே ஓர் இடம். பாட்டு முடிந்த பிறகு, “காது, கதவைத் தொறடா” என்றான். தாளத்தோடு ஒட்டவில்லை, எடுத்துவிட்டேன். அழிக்கவில்லை, கவலைப்படாதீர்கள். அலமாரியில் மேல்தட்டில் பத்திரமாக இருக்கிறது. இரவில் படுக்கும் முன் போட்டுக் கேட்பேன். அவன் என்னை அவ்வளவு ஆசையாகக் கூப்பிட்டது வேறு எந்தப் பதிவிலும் இல்லை.