தற்செயலுக்கான நேர அட்டவணை

நவம்: "...காலை எட்டு மணிக்குக் கப்பல் கொழும்புத் துறைமுகத்தில் கரை தட்டும்."

பத்மா: கரை தட்டுறது விபத்தடா.

நவம்: அப்ப என்னெண்டு எழுத?

பத்மா: வரும் எண்டு எழுது. கம்பஸில உங்களுக்கு ஒண்டையும் சுருக்கமாச் சொல்லப் பழக்கிறேல்லையோ?

நவம்: அக்கா, இது நிகழ்ச்சி நிரல். அம்மா வடிவா எழுதச் சொன்னவ. "...கப்பல் வரும். அதிலிருந்து மாப்பிள்ளை..."

பத்மா: மாப்பிள்ளை எண்டு போடாத. இன்னும் ஒண்டும் முடிவில்ல.

நவம்: "அதிலிருந்து சம்பந்தப்பட்டவர்..."

பத்மா: அது பொலிசில எழுதுறது.

மர்சூக்: டீச்சர், வேன் ஓடப்போறவன் நான். எனக்கு ஒரு வெளக்கம் வேணும். ஆள் கப்பல்ல சுத்திப் பாக்க வாறவரா, தொழில் பாக்கிறவரா?

பத்மா: வேலை செய்யிறவர், மர்சூக் நானா. உல்லாசக் கப்பல். ரெண்டாயிரம் சனம் சாப்பிட்டு, நீந்தி, ஆடிக்கொண்டு வரும். அவையளுக்கு லைற் எரிய விடுறது இவர்.

நவம்: பேர் அம்பிகைபாகன். வயசு முப்பத்தாறு, பேருக்கு எழுபது.

பத்மா: அப்பப்பாவின்ர பேர வைச்சிருக்கினம். அதில என்ன?

நவம்: நான் ஒண்டும் சொல்லேல்லையே.

மர்சூக்: வெள்ளிக்கெழம கப்பல் நிக்கிது. காலையில எட்டுல இருந்து பின்னேரம் அஞ்சு. அதுக்குள்ள அவருக்கு என்னத்தப் பாக்கணுமாம்?

நவம்: மியூசியம், அதான் நூதனசாலை. பிறகு கடற்கரை வீதியால ஒரு ஓட்டம்.

மர்சூக்: கடலா?

நவம்: கடல்தான்.

மர்சூக்: வருசத்துல பத்து மாசம் கடல்லயே ஈக்கிற மனுசன் எறங்கி வந்து கடல் பாக்கணுமா?

பத்மா: அவர் நிக்கிறது அடியில, எஞ்சின் பக்கம். யன்னல் இல்லையாம்.

நவம்: அக்காவுக்கு யன்னல் இல்லாததும் தெரியும்.

பத்மா: திரேசா ரீச்சர் சொன்னவ. இந்தச் சம்மந்தத்தக் கொண்டு வந்ததே அவதானே.

நவம்: திரேசா ரீச்சர் உங்கட பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறது சமயமோ, கப்பலோ?

மர்சூக்: சரி, நான் போய் அவர ஏத்துறன். அதுல என்ன ரகசியம்? ஒங்கட அம்மா என்னய வரச்சொல்லி, கதவச் சாத்திட்டுக் கதைங்கன்னாங்க.

பத்மா: ...நவம், நீ சொல்லு.

நவம்: வடிவாக் கேளுங்கோ, நானா. அவற்ற தாய் வெள்ளவத்தையில இருக்கிறா. ரெண்டு பேரும் நூதனசாலைக்கு வருவினம். அம்மா, அக்கா, நான் மூண்டு பேரும் அங்க நிப்பம். கண்டி அரசன்ர சிம்மாசனத்துக்குப் பக்கத்தில தற்செயலாச் சந்திப்பம்.

மர்சூக்: தற்செயலா.

நவம்: ஓம். நாலு இருபத்தைஞ்சுக்கு.

மர்சூக்: நேரம் குறிச்சுட்டுத் தற்செயலா?

பத்மா: எங்கட ஆக்களில அப்பிடித்தான், நானா. வழமையாக் கோயில்ல நடக்கும். பெடியன் வீட்டார் தேங்காய் உடைக்க வந்த மாதிரி வருவினம். பொம்பிளை வீட்டார் அர்ச்சனைக்கு வந்த மாதிரி நிப்பினம். பிடிக்காட்டி ரெண்டு பக்கமும் கும்பிட்டுட்டுப் போயிடலாம். ஒருத்தரும் ஒருத்தர வேண்டாம் எண்டு சொன்னதா இருக்காது.

மர்சூக்: இங்க பிடிக்காட்டி?

நவம்: சிம்மாசனத்தப் பாத்துட்டுப் போயிடலாம்.

பத்மா: கண்டியில இருந்து கொழும்புக்குப் போய்க் கண்டிச் சிம்மாசனம் பாக்கிறம். ஆரும் கேட்டா, ஸ்கூல் பிள்ளையளக் கூட்டிவர முதல் இடத்தப் பாக்க வந்தனான் எண்டு சொல்லுவன்.

நவம்: கணித ரீச்சர்.

பத்மா: சிம்மாசனத்துக்கும் பரப்பளவு இருக்கு. நீ வாசி.

மர்சூக்: பொறுங்க தம்பி. மூணு பேரும் இங்க கட்டுகஸ்தோட்டையில இருந்து எதுல போறீங்க?

நவம்: உங்கட வேனில.

மர்சூக்: அவங்க ரெண்டு பேரும்?

நவம்: உங்கட வேனில. முதல் எங்கள நூதனசாலையில இறக்கிப்போட்டு, பிறகு அவையள ஏத்துவீங்கள். திரும்பி வந்து எங்களக் கண்டா, தெரியாத ஆக்கள் மாதிரி நிக்கோணும்.

மர்சூக்: பத்து வருசமாப் பக்கத்து வூடு! ஒங்கட அம்மா எனக்குத் தோசை தார மனுசி!

நவம்: அண்டைக்கு மட்டும் தோசையை மறந்திடுங்கோ.

மர்சூக்: சரிவந்தா?

நவம்: ஆவணியில கலியாணம். தையில அக்கா அவுஸ்திரேலியா. அவற்ற தமையன் அங்க இருக்கிறாராம், இவரும் கப்பல விட்டுட்டு அங்க போறாராம். பிறகு இந்த வீட்டில அம்மா, நான், பஞ்சாங்கம்.

பத்மா: பெரிய சோகம்.

நவம்: எனக்கென்ன? உன்ர அறை எனக்கு. மேசை வைக்கலாம். "காலை ஐந்து முப்பது: மாவனல்லை வாசனைத் திரவியத் தோட்டம். ஒரு மணித்தியாலம்."

மர்சூக்: மாஷா அல்லாஹ்! மச்சான்ட தோட்டம்! நான் கேக்கணும்னு ஈந்தன், நீங்களே போட்டீங்க. பதினெட்டு வருசமா அந்த எடத்துக்கு வந்தா என்ட கை தன்பாட்டுல திரும்பும் தம்பி. போன மாசம் ஒரு மையத்து அடக்கப் போன கூட்டத்தயும் கொண்டுபோய்க் கறுவாப் பட்டை காட்டிட்டேன்.

பத்மா: அஞ்சரைக்கு ஆர் நானா தோட்டம் திறக்கிறது?

மர்சூக்: எழுப்பினா எழும்புவான்.

பத்மா: டேய், போன முறை அனுராதபுரம் போகேக்க இதே தோட்டத்துக்கு நீ வேனால இறங்கமாட்டன் எண்டு நிண்டனி. இப்ப ஒரு மணித்தியாலமோ?

நவம்: மனுசர் மாறுவினம். "பத்து மணி: கொழும்பு."

பத்மா: எட்டு மணிக்குக் கப்பல் வருது. பத்து மணி மட்டும் அவர் என்ன செய்யிறது?

நவம்: காத்துக்கொண்டு நிக்கலாம். துறைமுகத்தில யன்னல் இருக்கு. "பத்து முப்பது முதல் பன்னிரண்டு வரை: இராகுகாலம்." அம்மா சொன்னவ, அந்த நேரம் ஒருத்தர் முகத்தில ஒருத்தர் முழிக்கக்கூடாதெண்டு. "பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை: நானாவின் ஜும்ஆத் தொழுகை."

மர்சூக்: அத அசைக்க ஏலா.

நவம்: அசைக்கேல்ல. "ஒன்றரை: கடற்கரை ஓட்டம். பாணந்துறை, களுத்துறை, பெந்தோட்டை. தாயும் மகனும் மட்டும். நான்கு இருபத்தைந்து: நூதனசாலை. தற்செயல். நான்கு முப்பது: விடைபெறல். ஐந்து மணி: கப்பல்."

பத்மா: நாங்கள் காலமை பத்து மணியில இருந்து நாலு இருபத்தைஞ்சு மட்டும் அந்தச் சிம்மாசனத்தோடயோ?

நவம்: பரப்பளவு எடுக்கலாம்.

பத்மா: தற்செயல் அஞ்சு நிமிசம்.

நவம்: அம்மாவுக்கு அப்பாவின்ர போட்டோவை மட்டும்தான் காட்டினவை. அதோட ஒப்பிட்டா அஞ்சு நிமிசம் கூட.

மர்சூக்: தம்பி, ரோட்டச் சொல்றன். வெள்ளிக்கெழம பின்னேரம் பெந்தோட்டைக்குப் போய் நாலு இருபத்தஞ்சுக்குத் திரும்பி வர ஏலா. காலிக்குப் போற ரோட்டு அடச்சு ஈக்கும். நான் வந்து சேர்ற நேரம் மியூசியம் பூட்டிருவாங்க. அவரக் கப்பலடியில எறக்கத்தான் நேரம் சரி.

நவம்: அப்பிடியோ... நான் யோசிக்கேல்ல.

பத்மா: மர்சூக் நானா, இவன் ஏ லெவலில கணக்குக்கு ஏ எடுத்தவன்.

மர்சூக்: ஆ...

நவம்: என்ன ஆ?

மர்சூக்: ஒண்ணுமில்ல. மழ கூடுது, அதப் பாத்தன்.

பத்மா: பேனையைத் தா.

நவம்: அம்மா ஓம் எண்டு சொல்லிப்போட்டா, அக்கா. மாத்தக்கூடாது.

பத்மா: அம்மா ராகுகாலத்த மட்டும்தான் பாத்தவ. மிச்சத்த நான் பாக்கிறன். தா. ...மாவனல்லை வெட்டு.

மர்சூக்: டீச்சர்!

பத்மா: வரேக்க நிக்கலாம், நானா. ரெண்டு மணித்தியாலம் வேணுமெண்டாலும் நில்லுங்கோ. இங்க இருந்து விடிய மூண்டரைக்கு வெளிக்கிடுறம். எட்டு மணிக்கு நீங்கள் துறைமுகத்தில. ஒன்பது பதினைஞ்சு, நூதனசாலை. ராகுகாலத்துக்கு முதல் ஒண்டேகால் மணித்தியாலம். ஜும்ஆ. பிறகு எல்லாரும் ஒரே வேனில கடற்கரை ஓட்டம்.

மர்சூக்: எல்லாரும்னா, காலையில தெரியாத ஆக்கள்?

பத்மா: ஒன்பது பதினைஞ்சுக்குப் பிறகு தெரிஞ்ச ஆக்கள். உங்கட வேன் சும்மா நிக்குது எண்டு அவற்ற தாயே கேப்பா, "நீங்களும் வாங்கோவன்" எண்டு. கேக்காட்டி, நீங்கள் ஒருக்காச் செருமுங்கோ.

மர்சூக்: எந்த மட்டுக்கும் போறது? பெந்தோட்டை?

பத்மா: காலிக் கோட்டை.

மர்சூக்: காலியா!

பத்மா: கோட்டை மதிலில ஏறி நிண்டு பாக்கோணும் எண்டு அவருக்கு ஆசை... எண்டு திரேசா ரீச்சர் சொன்னவ.

மர்சூக்: டீச்சர், ஒண்டரைக்கு வெளிக்கிட்டா ஹைவேயால போய் வந்தாலும் கஷ்டம். ஹைவேயில கடலும் தெரியாது, ரப்பர்த் தோட்டம்தான் தெரியும்.

பத்மா: பழைய வீதியாலதான் போறம். ஆறுதலாப் போங்கோ.

நவம்: அக்கா, கப்பல் அஞ்சு மணிக்கு! அஞ்சு மணிக்கு நீங்கள் காலியில மதில்ல நிப்பீங்கள்!

பத்மா: நிப்பம்.

நவம்: கப்பல் விட்டுட்டுப் போயிடும்!

பத்மா: அவர் கப்பல் ஏறுறதில உனக்கேன்ரா இவ்வளவு அக்கறை?

நவம்: ...ஒரு மனுசன்ர வேலை போயிடுமே எண்டு.

மர்சூக்: தம்பி, பொய் சொன்னா ஒங்கட காது செவக்கிது.

நவம்: நானா, நீங்கள் வேன் ஓடுற ஆள்.

மர்சூக்: வேன் ஓடுறவன் கண்ணாடியில பின்னுக்கும் பாப்பான். தோட்டத்தப் போட்டீங்க, மியூசியத்தக் கடைசிக்குத் தள்ளினீங்க, பொண்ணும் மாப்பிள்ளையும் ஒரு எடத்துல நிக்காத மாதிரி ஒரு பிளான். இதத் தெரியாமச் செய்ய ஏலா.

பத்மா: வேணுமெண்டோ எழுதினனி?

நவம்: ஓம். நேரம் பிந்தினா, சகுனம் சரியில்ல எண்டு தாய்மார் ரெண்டு பேரும் விட்டிடுவினம் எண்டு நினைச்சன். அவர் போயிடுவார். அடுத்த முறை கப்பல் எப்ப வருமோ ஆருக்குத் தெரியும்.

பத்மா: அவரில என்ன பிழை கண்டனி?

நவம்: ஒண்டும் இல்ல. நல்ல மனுசன் போலத்தான் கிடக்கு. அதுதான் பிரச்சினை.

பத்மா: நான் போனா அம்மா இருக்கிறாதானே.

நவம்: அம்மா என்ர எழுத்துப் பிழை பாக்கமாட்டா.

மர்சூக்: நான் வெளிய போய் வேன்ட கண்ணாடியத் தொடைக்கட்டா?

பத்மா: மழைக்குள்ள என்னத்தத் துடைக்கிறது? இருங்கோ.

மர்சூக்: அப்ப நான் ஒண்டு கேக்கிறன். தம்பிட பிளான் வெளங்கிட்டு. ஒங்கட பிளான்தான் எனக்கு வெளங்கல்ல டீச்சர். அவர் கப்பல்ல ஏறணும்னு தம்பி பாக்கிறார். நீங்க காலி, மதில், ஆறுதலாப் போங்கன்றீங்க. கணக்குப் படிச்சுக் குடுக்கிற ஆள் நீங்க, ஒங்களுக்கு அஞ்சு மணி தெரியாம ஈக்காது. கப்பல் போனாப் பரவாயில்லையா?

பத்மா: போகட்டும் நானா, அவர் அதில ஏறமாட்டார். அவற்ற ஒப்பந்தம் வெள்ளிக்கிழமையோட முடியுது; பல்லேகலையில ஒரு தொழிற்சாலையில வேலை எடுத்துப்போட்டார், இங்க இருந்து ஒரு பஸ். அவுஸ்திரேலியா எண்டு அம்மாவுக்குச் சொல்லச் சொல்லி திரேசா ரீச்சருக்குச் சொன்னதே நான்தான், வெளிநாடு எண்டாத்தான் அம்மா பஞ்சாங்கத்தத் திறப்பா. நானும் அவரும் பதினாலு மாசமாக் கதைக்கிறம், தற்செயல் தாய்மார் ரெண்டு பேருக்கும்தான். டேய், மூக்கத் துடை, "இராகுகாலம்" எண்டதில துணைக்கால் போடாம விட்டிருக்கிறாய், திருத்தி எழுது... மர்சூக் நானா, வேனில கடைசிச் சீற்றைக் கழட்டி விடுங்கோ, அவற்ற மூண்டு பெரிய பெட்டி வருது.