திமிர் என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்

அவைக்கு அழகும் அமைதியும் சேர்த்து வீற்றிருக்கும் தலைவர் அவர்களே! அனுபவத்தால் நரைத்து அன்பால் கனிந்த பெரியோர்களே! மடியில் மழலையும் இதழில் முறுவலும் ஏந்தி வந்திருக்கும் தாய்மார்களே! வணக்கம்.

எனக்குத் தந்த தலைப்பு ‘திமிர்’. என்ன சொல்கிறீர்கள் பின்வரிசை நண்பரே? பொருத்தமான ஆளா? பொறுங்கள், என்னைவிடத் தகுதியான இருவர் என் வீட்டில் இருக்கிறார்கள்!

செருக்கு என்கிறோம், இறுமாப்பு என்கிறோம், தலைக்கனம் என்கிறோம். திமிருக்கு மட்டும் இன்னொரு பொருள் உண்டு: மரத்துப்போதல். அதனால்தான் திமிர்வாதம் என்றார்கள். உடல் உணர்விழந்தாலும் திமிர். அடுத்தவர் வலியை உள்ளம் உணராவிட்டாலும் திமிர்!

என் தந்தை பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்றபின் வாதம் வந்து இடது கால் மரத்தது. மருத்துவர் நடக்கச் சொன்னார். அவரோ கட்டிலே கதியென்று கிடந்தார். என் மனைவி தையல்காரி. ஒரு காலை, தேநீரைக் கட்டிலருகே வைக்காமல் சன்னலோரம் வைத்தாள்.

“என்னம்மா, அங்க வெச்சிட்ட?”

“வந்து எடுத்துக்கோங்க மாமா.”

“எவ்ளோ திமிரு உனக்கு!”

“எனக்கு வாயில, உங்களுக்குக் கால்ல. முதல்ல உங்களோடத இறக்குவோம். எழுந்திரிங்க.”

சிரிக்கிறீர்கள்! அன்று யாரும் சிரிக்கவில்லை. தேநீர் ஆறியது; அப்பாவின் கோபம் ஆறவில்லை. “உன் பொண்டாட்டி என்னை மதிக்கல” என்றார் என்னிடம். அவளிடம் போனேன். எந்திரத்தை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: “மதிக்காதவன்னா கையில குடுத்துட்டுப் போயிருப்பேங்க. விழுந்துடுவாரோன்னு கதவுக்குப் பின்னாடியே நின்னுட்டிருந்தேன்.” சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

இவளுக்கா திமிர்? நேர்நின்று பேசும் பெண்களுக்கெல்லாம் நெற்றியில் ஒட்டுகிறோமே இந்தச் சொல்லை, தகுமா? முறையா?

அவள் சொன்னதை அப்படியே அப்பாவிடம் சொன்னேன். மறுநாளும் தேநீர் சன்னலோரம்தான். அப்பா காலைத் தரையில் ஊன்றினார். சுவரைப் பிடித்தார். தாங்க ஓடினோம். “தள்ளி நில்லுங்க!” என்றார். இழுத்து இழுத்து நடந்து சன்னலை அடைந்தார். பாதி பனியனில் கொட்டியது. மீதியைக் குடித்துவிட்டு, “சர்க்கரை கம்மிம்மா” என்றார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

சில மாதங்களில் அவரே தெருவுக்குப் போனார். தாங்கலாகக் கைநீட்டிய பழைய நண்பரை வேண்டாம் என்றிருக்கிறார். வீடு திரும்பியதும் மருமகளைக் கூப்பிட்டார்.

“திமிர் புடிச்சவன்னு சொல்லிட்டான்மா என்னை!”

“நீங்க என்ன சொன்னீங்க மாமா?”

“ஆமாடா, என் மருமக குடுத்ததுன்னேன்!”

அன்பர்களே! பிறர் வலி உணராத திமிர் ஒழியட்டும்! தன் காலில் நிற்கும் திமிர் தழைக்கட்டும்! தளர்ந்தவரை நிமிர்த்தும் திமிர் வீடுதோறும் விளையட்டும்!

செவி தந்த உங்களுக்கு நன்றி. முன்வரிசையில் கேட்டுக்கொண்டிருந்த அப்பா எழுந்து அரங்கின் வாசலுக்கே போய்விட்டார். அவரோடு நடந்து வீடு சேர வேண்டும். வணக்கம்!