பூட்டிய கோட்டை வாசலும் ஞாயிற்றுக்கிழமை மீனும்

தஞ்சாவூர்க் கோட்டையின் வாசல் ஒன்றைப் பூட்டிவைத்துவிட்டு, அதை அமைதியான இடம் என்று வெளியூர்க்காரர்களுக்குக் காட்டுகிறீர்கள். இது பித்தலாட்டம்.

போன ஞாயிறு, அந்த வாசலைத் திறந்து பழைய இடங்களைச் சுற்றிக்காட்டும் ஹெரிடேஜ் வாக்கில் நானும் இருந்தேன். கூட்டத்தில் ஓர் அம்மா, கழுத்தில் எங்களுக்கெல்லாம் கொடுத்த அதே அடையாள அட்டையும் கையில் மீன் பையுமாக நின்றார்.

“ஏம்மா, மீனை வாங்கிக்கிட்டா சுத்திப் பார்க்க வந்தீங்க?” என்றார் வழிகாட்டி.

“சுத்திப் பார்க்க யாரு வந்தா? நான் வீட்டுக்குப் போறேன். வாசலுக்கு அந்தப் பக்கம் மூணாவது வீடு.”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“மத்த நாள்ல எப்படிப் போவீங்க?” என்று சென்னையிலிருந்து வந்த பெண் கேட்டார்.

“அகழியைச் சுத்திக்கிட்டுத்தான். கால்ல ஆபரேஷன் ஆனதுலேருந்து சுமையோட அவ்வளவு தூரம் முடியல. இவங்க திறக்குற ஞாயித்துக்கிழமைதான் எங்க வீட்ல மீனு.”

“வாசல் இடிஞ்சு விழுந்துடும்னுதாம்மா பூட்டியிருக்காங்க” என்றார் வழிகாட்டி.

“அப்ப இத்தனை பேரை அதுக்கு அடியில நிக்கவச்சு போட்டோ எடுக்குறீங்களே, இவங்க தலையெல்லாம் இரும்பா?”

“மெதுவா பேசுங்கம்மா. அமைதியா ரசிக்க வந்திருக்காங்க.”

“ஆளை விடாம பூட்டினா சுடுகாடு மாதிரி அமைதியாத்தான் இருக்கும்.”

அட்டையைக் கழற்றி வழிகாட்டியின் கையில் திணித்துவிட்டு அந்த அம்மா வீட்டைப் பார்த்து நடந்தார். நாங்கள் திரும்பியதும் வாசலைப் பூட்டினார்கள்.

சாவி வைத்திருக்கும் அதிகாரியைக் கேட்கிறேன். இடியப்போகிற வாசல் என்றால் எங்களை ஏன் உள்ளே விட்டீர்கள்? உறுதியான வாசல் என்றால் அந்த அம்மாவை ஏன் விடுவதில்லை? அந்தத் தெருவில் வந்து நின்று, எல்லோர் காதிலும் விழும்படி பதில் சொல்லுங்கள்.